பொட்டு வைத்த ஹெட்லைட்

என் வீட்டுக்காரர் என்னை "வாங்க, போங்க" என்று சொன்னால் நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். சாதாரண நாளில் நான் அவருக்கு "அம்மணி". வா, போ, சோறு போடு எல்லாம் ஒருமையில்தான் வரும். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு மூன்று வயதுப் பிள்ளை வரைக்கும் எல்லோருக்கும் ஒரு "ங்க" உண்டு. ஆனால் கட்டின பெண்டாட்டிக்கு அந்த "ங்க" வந்துவிட்டால் மனுஷனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் மூன்றே முறைதான் அவர் என்னிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறார். முதல் இரண்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, இரண்டிலும் தப்பு என் பேரில்தான். மூன்றாவது, ஆயுத பூசை அன்றைக்கு, கார் ஹெட்லைட்டுக்காக வந்தது. அதிலும் தப்பு என் பேரில்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்த தப்பு அவருடையது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் இருப்பது போத்தனூர். அவர் பம்ப்செட் செய்கிற ஒரு பட்டறையில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறார். வார்ப்பிலிருந்து சொரசொரவென்று வருகிற உருப்படியைத் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்குவது அவர் வேலை. நான் மதுக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பேன், கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு தடவுவேன், சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் சொந்த ஊர் அவிநாசிப் பக்கம், ஒரே தெரு. இரண்டு வீட்டிலும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். ஒரே வித்தியாசம், எங்கள் வீடு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும், அவர் வீடு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகும் அவரவர் கோயில் அவரவருக்கு. எங்கள் காருக்குள் பார்த்தாலே தெரியும். கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலை என்னுடையது, டேஷ்போர்டில் இருக்கிற திருநீற்று டப்பா அவருடையது.

கார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் கையாக வாங்கியது. சாம்பல் கலர், சின்ன வண்டி. அவர் பட்டறைக்கு பைக்கில் போய்விடுவார், ஆகவே காரை ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கார் ஓட்டின முதல் பொம்பளை நான் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். என் அம்மாவை முதல் முறை ஏற்றியபோது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான் கத்திய கத்தலில் பாதி வழியில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கார் இருந்ததால்தான் எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்குப் போனால் எட்டு மணிக்கு முடியும். அந்த ஷிஃப்டில் லேப் முழுக்க என் பொறுப்பு. கேட்கவும் ஆள் இல்லை, ஏவவும் ஆள் இல்லை. டாக்டர் நேரே என்னிடம்தான் ரிப்போர்ட் கேட்பார். எட்டு மணிக்கு மேல் போத்தனூருக்கு பஸ்ஸை நம்பி நிற்கிறவள் அந்த வேலையைச் செய்ய முடியாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றும் சாரலும் சேர்ந்து வருகிற நாட்கள். ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். ரயில் பாதையை ஒட்டி ஒரு வளைவு உண்டு, அங்கே தெருவிளக்கு கிடையாது. வளைவில் திரும்பினதும் எதிரே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். வண்டி நின்ற பிறகுதான் அது என்னவென்றே தெரிந்தது. தலையில் சோளத்தட்டுக் கட்டோடு ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். பம்பருக்கும் அவர் சேலைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

என் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. அந்த அம்மாதான் கட்டை இறக்காமலே ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஏங்கண்ணு, லைட்டுப் போடாமயா வண்டி ஓட்டுவாங்க?"

"போட்டுத்தானுங்கம்மா இருக்குது."

அவர் நம்பவில்லை. முன்பக்கம் போய், கட்டு சரியாமல் கழுத்தை மட்டும் தாழ்த்திப் பார்த்தார்.

"இதுவாங் கண்ணு லைட்டு? காமாலை வந்தவன் கண்ணாட்டம் இருக்குது. பாத்துப் போ சாமி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பாத்துப் போ சாமி" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார். தினம் நாலு பேருக்காவது காமாலை பார்க்கிறவள் நான். என் வண்டியின் கண்ணுக்கு வந்திருப்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஷெட் கிடையாது. கார் கிழக்கே மூக்கை நீட்டிக்கொண்டுதான் நிற்கும். ஐந்து வருஷக் காலை வெயில் முழுக்க அந்த இரண்டு ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி மேல்தான் விழுந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கினதால் நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது. நீ உன்ற மூக்குக் கண்ணாடியெத் தொடைச்சுப் போட்டுட்டு ஓட்டு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டார்.

அவர் கெட்டவரில்லை. சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பயந்து வந்தவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு உயிர் ஒரு சாணில் தப்பி வந்த ராத்திரியில் அந்தப் பழமொழி எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நாள் முழுக்க லென்ஸ் வழியாகப் பார்த்து ரத்த அணுவை எண்ணுகிறவளுக்குக் கண் சரியில்லையாம். அதை அவர் சொல்கிறார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறவர்.

மறுநாள் கார்ச் சாவியை ஆணியில் மாட்டினேன். ஆஸ்பத்திரியில் பேசிக் காலை ஷிஃப்டுக்கு மாறினேன். லேப் பொறுப்பாளர் நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் ஆள் வேண்டுமே. "ஆயுத பூசை வரைக்கும் காலைல பாருங்க. பூசை கழிஞ்சா சாயங்காலம் வந்துரோணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் சேலை ஓரம்தான் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். பவரில் ஒரு புள்ளி மாற்றம் இல்லை. அந்தச் சீட்டைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கும் தோசைதான்.

"படிச்சுப் பாருங்க."

படித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "வா, ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். பொழுது இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைவீதி தாண்டும் வரைக்கும் ஜம்மென்று ஓட்டினார். தெருவிளக்கு முடிந்ததும் முதுகு சீட்டை விட்டு எழுந்துவிட்டது. வளைவு வருவதற்குள் மூக்கு காரின் முன்கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய விரதம்.

வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் போய் முன்னால் நின்றார். கைக்குட்டையால் ஹெட்லைட்டைத் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். ஜன்னலுக்கு வந்து, "லைட்டு போட்டுத்தான இருக்குது?" என்று கேட்டார்.

"போட்டுத்தானுங்க இருக்குது" என்றேன்.

திரும்பி வரும்போது ஒரு டவுன் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் வந்து சேர்ந்தோம். அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. அன்றைக்குத் தூங்கப்போகும் முன் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ஹெட்லைட் தேய்க்கிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பற்பசை. திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிற எங்கள் மகள் சொன்ன யோசனை அது. என் பற்பசையில் முக்கால் டியூப் காலி. கார் முழுக்கக் கிராம்பு வாசம். பளிச்சென்றுதான் ஆனது, நான்கூட வாயைப் பிளந்தேன். ஐந்தாம் நாள் ஒரு மழைக்குப் பிறகு பழையபடி காமாலை. "மேலாப்பல பூசுனா நிக்காது. தோலை உரிக்கோணும்" என்றார். அப்போது அவர் முகத்தில் பட்டறைக் களை வந்துவிட்டது. இனி இது என் வேலை, யாரும் பேசாதீர்கள் என்கிற களை.

ஆயுத பூசைக்கு முதல் நாள் லீவு போட்டார். பூசைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது, மறுநாள் பூசை எடுத்த பிறகுதான் தொடலாம். வண்டிக்கு மட்டும்தான் விலக்கு, மற்றதில் அவர் கறார். அரிவாள்மனை முதல் என் கத்தரிக்கோல் வரைக்கும் எடுத்து வைத்துவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயம்கூடக் கையால் உடைத்துத்தான் போடுவேன்.

ஹெட்லைட்டைச் சுற்றிப் பெயிண்டில் படாமல் டேப் ஒட்டினார். பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்த வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முதலில் வழிந்தது மஞ்சள் பால். மோரில் மஞ்சள் பொடி போட்ட மாதிரி அத்தனை மஞ்சள். கொஞ்ச நேரத்தில் லைட் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. உள்ளே பல்பே தெரியவில்லை.

"ஏனுங்க! இருந்ததையும் கெடுத்துப்போட்டீங்களே!"

"தண்ணிய ஊத்து அம்மணி."

"இதுக்கு அந்த மஞ்சளே தேவலைங்களே!"

"நீ லேபுல வெச்சிருக்கற பாட்டில்ல கை வெச்சு நான் ஏதாச்சும் சொல்லியிருக்கறனா? தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். சொரசொரப்புப் பேப்பரிலிருந்து நைஸ் பேப்பருக்கு, அதிலிருந்து இன்னும் நைஸுக்கு என்று நாலு பேப்பர் மாறினார். ஒவ்வொன்று மாறும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். "இங்க ஒரு கீறல் இருக்குது" என்பார். நான் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, போட்டு, எப்படிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ரேஷன் கடை மெஷினில் அவர் விரல் ரேகை விழாது. இருபத்தைந்து வருஷம் இரும்பைத் தேய்த்ததில் ரேகையும் தேய்ந்துபோய்விட்டது. மாசாமாசம் நான் போய்த்தான் விரல் வைத்து அரிசி வாங்க வேண்டும், அதற்கு நான் புலம்பாத மாதம் கிடையாது. அந்த வழுவழுத்த விரல்தான் என் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் முதுகு பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி வடிந்துவிட்டது. முழுக்க வடிந்தது என்று சொன்னால் பொய்.

சாயங்காலம் ட்ரில்லில் பஞ்சு மாட்டி, பாலிஷ் போட்டுச் சுற்றினார். மேகம் விலகுகிற மாதிரி வெள்ளை போய், உள்ளே பல்பு, அதற்குப் பின்னால் இருக்கிற தகடு, திருகு எல்லாம் தெரிந்தது. நான் கை தட்டிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஆயுத பூசை. காலையில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மறுபடி வெயில் தின்னாமல் இருக்க மேலே கிளியர் லேக்கர் என்று நிறமில்லாத வார்னிஷ் ஒன்றை இரண்டு முறை ஸ்ப்ரே செய்தார். கண்ணாடி தோற்றுவிடும், அப்படி ஒரு பளபளப்பு. டேப்பை உரித்துவிட்டுக் குளித்து, புது வேட்டி கட்டி, பட்டறைப் பூசைக்குக் கிளம்பிவிட்டார். அந்த லேக்கர் முழுக்கக் காய மறுநாள் ஆகும், அதுவரை ஒரு ஈ உட்காரக் கூடாது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பது அவர் வழக்கம்.

எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. வழக்கமாக வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்தான். நான் பொரி கடலையை எடுத்து வைப்பேன், தேங்காய் உடைக்கும்போது பக்கத்தில் நிற்பேன், அத்தோடு சரி. யாரும் என்னைத் தடுத்ததில்லை, எனக்கே ஒரு கூச்சம். இந்த வருஷம் நானே செய்துவைத்துவிடலாம், வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. பலகையைக் கழுவி அவர் ஆயுதங்களை வரிசையாக அடுக்கினேன். ட்ரில், ஸ்பேனர், அந்த மரக்கட்டை, மீந்துபோன வாட்டர் பேப்பர் துண்டுகள், பாலிஷ் டப்பா. எல்லாவற்றுக்கும் பொட்டு. சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போட்டேன். பிறகு சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

பானெட்டுக்கு வைத்தேன். நம்பர் பிளேட்டுக்கு வைத்தேன். ஹெட்லைட்டுக்கு வரும்போது மனசுக்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடு மத்தியில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நன்றாக நிற்கட்டும் என்று கட்டை விரலால் அழுத்தி வைத்தேன். விரல் கொஞ்சம் ஒட்டியது. புது பாலிஷ் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றி, அது பிடித்துக்கொள்வதற்குக் காத்திருந்து, பிறகு கழுவினாலும் போகாது என்று தெரிந்தே இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தப் புத்தி அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நாலு மணிக்கு வந்தார். கையில் பட்டறையில் கொடுத்த பொரிப் பொட்டலம். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். நான் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தேன்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க?" என்றார்.

ஒரு "ங்க" இல்லை, இரண்டு. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"பொட்டு வெச்சனுங்க..."

"காயறதுக்கு முன்னாலயாங்க வெப்பீங்க? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களாங்க?"

ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தார். மேலே இருந்த சந்தனம் வந்துவிட்டது. அடியில் ஒரு மஞ்சள் வட்டமும், அதற்கு நடுவே சிவப்பும், நடுச் சிவப்பில் என் கட்டை விரல் ரேகையும் லேக்கருக்குள் பதிந்துபோய் இருந்தன. இரண்டு லைட்டிலும். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார், வாட்டர் பேப்பரை எடுக்க. பின்னாலேயே நானும் போனேன். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். பேப்பர் துண்டு ஒவ்வொன்றிலும் பொட்டு. ட்ரில்லுக்கு நான் மாலையே போட்டிருந்தேன்.

கை நீட்டினார். பாதியில் மடக்கிக்கொண்டார்.

"எடுத்துக்குங்க. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றேன்.

"பூசைல வெச்சதை எடுக்கக் கூடாதுங்க."

"எங்க மாதாகிட்ட வேணா நான் சொல்லிக்கறனுங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பொரி தின்றோம். எனக்கு அழுகை வந்தது. லைட்டுக்காக இல்லை. இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்து அவர் தேய்த்ததை நான் அரை நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன். நாளைக்குச் சாயங்கால ஷிஃப்ட். அதுவும் போய்விட்டதோ என்று இருந்தது.

இருட்டினதும் அவரே எழுந்து போனார். கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, ஓரம் கத்தி வைத்து நறுக்கின மாதிரி. சுவரில் எதிர் வீட்டுப் பெண் எப்போதோ கரியால் எழுதின வாய்ப்பாடுகூடப் படிக்க முடிந்தது. பொட்டு விழுந்த இடம் சுவரில் எங்கே என்று இரண்டு பேரும் தேடினோம். தெரியவில்லை.

அவர் இறங்கி வந்து சுவரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், என் கட்டை விரலைப் பார்த்தார். அதில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

"போச்சாது உடு" என்றார்.

போனால் போகட்டும் விடு என்கிறார். அதுவும் உடுங்க இல்லை, உடு. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையில் பூசை எடுத்ததும் முதல் வேலையாகப் பேப்பரைத் தண்ணீரில் ஊறப் போட்டார். "தேச்சு எடுத்துப்போடறேன். ஆனா சாயங்காலம் ஆயிரும்" என்றார். நான் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "வேண்டாமுங்க, இப்படியே போறேன்" என்றேன். அவருக்கு மனசே இல்லை. ஃபினிஷிங்காரர் வண்டி பொட்டோடு ஊர் சுற்றுவதா என்று இருந்திருக்கும். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேட்டில் நின்று, "பாத்து ஓட்டு" என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, "போய்ட்டு வா" என்று மாற்றிக்கொண்டார்.

எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. வண்டியை எடுக்கும்போது ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டேன், திருநீற்று டப்பாவையும் தொட்டுக்கொண்டேன். தெருவிளக்கு முடிகிற இடத்தில் என்னை அறியாமலே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ரோடு தெரிந்தது. ரோட்டோர வெள்ளைக் கோடு தெரிந்தது, வேலிமுள் தெரிந்தது, நாய் ஒன்று குறுக்கே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. வளைவில் திரும்பினேன். தூரத்தில், நிதானமாக நிறுத்த எத்தனையோ இடம் இருக்கிற தூரத்தில், தலையில் சோளத்தட்டுக் கட்டோடு ஒருத்தர் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே அம்மா. பக்கத்தில் போய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏங்கண்ணு, கண்ணெல்லாங் கூசுது. எதுக்க ஆள் வந்தா லைட்டைச் சித்தத் தாழ்த்திப் போடோணும்னு தெரியாதா?"

"தாழ்த்திப்போடறனுங்கம்மா. தாழ்த்திப்போடறேன்."

அவருக்கு என்னைத் தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து, "அட, இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று சங்கடப்பட்டார். போகிற போக்கில் முன்னால் பார்த்துவிட்டு, "பொட்டு நல்லா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டால் சொல்ல மாட்டார். இறங்கினதும் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவிடம் திட்டு வாங்கினதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இடது பக்கத்து லைட்டில் என் ரேகை பதிந்த இடத்தை ரேகை இல்லாத தன் விரலால் தடவிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்குக் கூடம் கோணலாத்தான் அம்மணி இருந்திருக்குது. நீ நல்லாத்தான் ஆடியிருக்கறே."

இதற்குப் பதிலாகச் சொல்ல இரண்டு மாதமாக நான் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன். நாலு நல்ல பழமொழி தயாராக இருந்தது.

"போச்சாது உடுங்க" என்றேன். "வாங்க, தோசை ஊத்தறேன்."